பஞ்சாமிர்தம்

தீபாவளிக்கு மறுநாள். முறுக்கும் அதிரசமும் தின்று எல்லோருக்கும் வயிறு மந்தமாக இருந்தது. ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ படம் போடலாம் என்றாள் மகள். அவள் வகுப்பில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். நான் வேண்டாம் என்றேன். ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தாயிற்று. முதல் தடவை அழுதேன், இரண்டாம் தடவை திட்டினேன். மூன்றாவதாகச் செய்ய என்ன மிச்சமிருக்கிறது?

என் பேச்சு எடுபடவில்லை. படம் முடிந்தபோது கூடத்தில் நாலு பேர் இருந்தோம், நாலு கட்சியாக இருந்தோம். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எனக்கு அந்தம்மா தானா போய் ரயில் ஏறினது ஒண்ணுதான் நிஜம். மத்ததெல்லாம் கதை” என்றாள். மகள் அழவே இல்லை, கோபமாக இருந்தாள். நான் நடுநிலையாக முகத்தை வைத்துக்கொண்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் வெந்நீர் கேட்டார். குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. 1939, இத்தாலியில் அரெத்ஸோ நகரம். குவீதோ என்ற யூத இளைஞன், வாய் ஓயாதவன், டோரா என்ற பள்ளி ஆசிரியையைத் துரத்தித் துரத்திக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். படத்தின் பாதி இதுதான், முழுக்கக் கோமாளித்தனம். பிறகு சில வருடங்கள் தாண்டி அவர்களுக்கு ஜொசுவே என்று ஒரு பையன். அவனுடைய பிறந்தநாளன்று அப்பாவையும் பையனையும் பிடித்து வதைமுகாமுக்கு ரயிலேற்றி விடுகிறார்கள். டோரா யூதப் பெண் இல்லை, அவள் போக வேண்டியதில்லை. ஆனாலும் ரயிலை நிறுத்தச் சொல்லி ஏறிக்கொள்கிறாள். முகாமில் குவீதோ பையனிடம் ஒரு பொய் சொல்கிறான். இது ஒரு விளையாட்டு, யார் முதலில் ஆயிரம் மார்க் எடுக்கிறார்களோ அவர்களுக்கு நிஜமான ஒரு டாங்கி பரிசு. அழுதால் மார்க் போச்சு. அம்மா வேண்டும் என்றால் போச்சு. பசிக்கிறது, தின்ன ஏதாவது கொடு என்றாலும் போச்சு. பையன் கடைசிவரை ஒளிந்திருந்து பிழைத்துக்கொள்கிறான். அப்பா சுட்டுக் கொல்லப்படுகிறான். காலையில் ஓர் அமெரிக்க டாங்கி வந்து நிற்கிறது.

எழுதி நடித்து இயக்கியவர் ரொபெர்த்தோ பெனீனி. டோராவாக நடித்த நிக்கொலெத்தா பிராஸ்கி அவருடைய மனைவியேதான். 1998 கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது. 1999 மார்ச்சில் ஆஸ்கரில் ஏழு பரிந்துரை, மூன்று விருது: வேற்றுமொழிப் படம், நடிகர், இசை. மேடையில் உறையைப் பிரித்த சோபியா லோரன் படத்தின் பெயரைக்கூட முதலில் சொல்லவில்லை, “ரொபெர்த்தோ!” என்று கத்தினார். பெனீனி நாற்காலிகளின் முதுகில் ஏறி நின்று கையை ஆட்டிவிட்டு, துள்ளிக் குதித்துக்கொண்டு மேடைக்குப் போனார். தன் பெற்றோர் தனக்குக் கொடுத்த பெரிய பரிசு வறுமைதான் என்று சொல்லி அவர்களுக்கு நன்றி சொன்னார். அமெரிக்காவில் மட்டும் ஐந்தரைக் கோடி டாலருக்கு மேல் வசூல். வேற்றுமொழிப் படம் ஒன்று அங்கே அதுவரை அவ்வளவு ஓடியதில்லை.

நான் முதலில் பார்த்தது 2000-இல், சென்னையில், ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில். இருபத்து மூன்று வயது. மின்விசிறிச் சத்தத்தில் பாதி வசனம் கேட்கவில்லை, சப்டைட்டில் இருந்ததால் பரவாயில்லை. குவீதோவைச் சுடுவதற்காகச் சிப்பாய் இழுத்துப் போகிறான். பையன் ஒளிந்திருக்கும் இரும்புப் பெட்டியைக் கடக்கும்போது, அவன் பார்ப்பான் என்று தெரிந்து, குவீதோ ஒரு கண் சிமிட்டு சிமிட்டிவிட்டு, பொம்மைச் சிப்பாய் மாதிரி காலை வீசி வீசி நடந்து போவான். அங்கே நான் உடைந்துபோனேன். வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர்தான், “அழுகையெல்லாம் சரிப்பா. ஒரு சின்னப் பையனை பேரக்கில, அந்தக் கைதிக் கொட்டகையில, இத்தனை நாள் ஒளிச்சு வைக்க முடியுமா? போனவுடனே குழந்தைகளை எங்கே அனுப்பினாங்கன்னு படிச்சிருக்கியா?” என்றார். எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. கல்யாண வீட்டில் கணக்குக் கேட்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் படித்தேன். 1943 அக்டோபர் 16 அன்று ரோம் நகரில் ஜெர்மன் நாஜிகள் யூதர்களை வீடு வீடாகப் புகுந்து பிடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு நாளில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். அதில் இருநூறுக்கும் மேல் குழந்தைகள். திரும்பி வந்தவர்கள் 16 பேர். குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு படத்தை இரண்டாவது முறை பார்த்தால் அழுகை வராது. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். டிவிடியில் தனியாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, நான் ஏமாற்றப்பட்டிருக்கிறேன் என்று பட்டது. அமெரிக்காவில் ‘நியூ யார்க்கர்’ இதழின் விமர்சகர் டேவிட் டென்பி எழுதியதைத் தேடிப் படித்தேன். நடந்த கொலையை மென்மையான விதத்தில் இல்லையென்று மறுக்கிற படம் இது என்கிற அளவுக்குப் போயிருந்தார். அதே இதழில் ஆர்ட் ஸ்பீகல்மன் ஒரு படம் வரைந்தார். முகாம் கைதி ஒருவன் கையில் ஆஸ்கர் சிலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஸ்பீகல்மனின் அப்பாவும் அம்மாவும் ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்து வந்தவர்கள். அப்பாவின் அந்தக் கதையைத்தான் அவர் எலியும் பூனையுமாகச் சித்திரக்கதையாக்கி 1992-இல் புலிட்சர் விருது பெற்றார். அப்படிப்பட்டவர் கோபப்பட்டால் நாம் பேசாமல் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். நானும் திட்டுகிறவர்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே உட்கார்வது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரே அழுகிற படத்துக்கு அழாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அந்தச் சுகத்தைக் கெடுத்தவர் இம்ரே கெர்தேஸ். ஹங்கேரி எழுத்தாளர், புடாபெஸ்ட்காரர். 14 வயதில் ஆஷ்விட்ஸுக்கும் அங்கிருந்து புகன்வால்டு முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டவர், 2002-இல் இலக்கியத்துக்கான நோபல் பெற்றவர். ‘ஆஷ்விட்ஸ் யாருக்குச் சொந்தம்?’ என்று அவர் 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய ஸ்பீல்பெர்க்கின் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ என்ற முகாம் படத்தைப் போலிச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டு, பெனீனியின் பக்கம் நிற்கிறார். விவரங்கள் தப்பாக இருக்கலாம், ஆனால் இந்தப் படத்தின் ஆன்மா உண்மையானது, இது பழைய தேவதைக் கதையின் மந்திரத்தால் நம்மை அசைக்கிறது என்பது அவர் கட்சி. முகாமுக்குள் இருந்த பையனே இப்படிச் சொல்கிறார். முகாமிலிருந்து வந்தவரின் மகன் வேறு மாதிரிச் சொல்கிறார். டீக்கடை வரலாற்று வாத்தியாருக்கும் எனக்கும் இதில் நாட்டாமை செய்ய என்ன உரிமை இருக்கிறது?

பெனீனிக்கே ஓர் உரிமை உண்டு. அவருடைய அப்பா லூயிஜி யூதர் இல்லை, இத்தாலியச் சிப்பாய். 1943 செப்டம்பரில் இத்தாலி கட்சி மாறியதும், அதுவரை கூட நின்ற ஜெர்மன்காரர்கள் இத்தாலியச் சிப்பாய்களை ஆறு லட்சத்துக்கும் மேல் பிடித்துப் போனார்கள். லூயிஜி இரண்டு வருடம் பெர்கன் பெல்சன் முகாமில் அடைபட்டுக் கிடந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் பயந்துவிடக் கூடாது என்று வேடிக்கை கலந்து சொல்வாராம். பெனீனி குடும்பத்தில் முகாம் என்பது முதலிலிருந்தே ஓர் அப்பா பையனுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதைதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தப் படத்தைத் திட்டவும் முடியவில்லை, பழையபடி அழவும் முடியவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டேன், இந்தத் தீபாவளி வரைக்கும்.

மகளின் கோபத்துக்கு வருகிறேன். படத்திலேயே பேர் வாங்கிய காட்சி ஒன்று உண்டு. ஜெர்மன் சிப்பாய் பேரக்குக்குள் வந்து முகாமின் விதிகளைக் கத்துகிறான். யாருக்காவது ஜெர்மன் தெரியுமா, இத்தாலியில் சொல்ல வேண்டும் என்று கேட்கிறான். ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாத குவீதோ கையைத் தூக்கிவிட்டு முன்னால் போய் நிற்கிறான். சிப்பாய் ஒரு வாக்கியம் உறும, குவீதோ அதே உறுமலில் விளையாட்டின் விதியைச் சொல்கிறான். உலகம் முழுக்க அரங்குகள் இந்த இடத்தில் சிரித்திருக்கின்றன. கூடத்தில் நானும் சிரித்தேன். மகள், “என்னப்பா சிரிக்கிற? மத்தவங்களுக்கு அந்த ரூல்ஸ் தெரிய வேண்டாமா? தெரியாம தப்புப் பண்ணி யாராவது செத்தா?” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது பிரீமோ லெவி எழுதியதற்குப் பக்கத்தில் வருகிறது. தூரின் நகரத்து வேதியியலாளர் லெவி 1944-இல் ஆஷ்விட்ஸுக்குப் போய்த் திரும்பியவர். தன்னோடு வந்த இத்தாலியர்களில் ஜெர்மன் தெரியாத பெரும்பாலோர் முதல் பத்துப் பதினைந்து நாளிலேயே செத்துப்போனதைப் பிற்பாடு எழுதினார். பார்த்தால் பசி, குளிர், நோய் என்றுதான் இருக்கும், ஆனால் அடியில் இருந்தது மொழி தெரியாமைதான் என்கிறார். உத்தரவு புரியாதவனுக்கு அடி, அடி வாங்கியவனுக்குப் பலம் போச்சு, பலம் போனவனுக்கு முடிவு. அந்த பேரக்கில் விழித்துக்கொண்டு நின்ற மற்றவர்கள் அந்த இத்தாலியர்கள்தான். குவீதோ தன் பிள்ளைக்காக அத்தனை பேருடைய காதையும் அடைத்துவிட்டான். லெவியின் பெயரைக்கூடக் கேட்டிராத பதினாறு வயதுப் பெண் நேராக அங்கே போய் விரலை வைத்தாள். நான் இரண்டு தடவை பார்த்தும் பார்க்காதது அது. படத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டுகளிலேயே எனக்குப் பதில் சொல்லத் தெரியாதது இது ஒன்றுதான்.

“பிள்ளைன்னு வந்துட்டா அப்படித்தான்டி” என்றாள் மனைவி. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா வெந்நீரை ஊதிக்கொண்டிருந்தார்.

இப்போது பழனிக் கதை.

1988. நான் ஆறாம் வகுப்பு. அப்போது திண்டுக்கல்லில் குடியிருந்தோம். முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தமிழ், ஆங்கிலம் முடிந்து, அடுத்து கணக்கு. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டு உட்கார வைத்து இட்லி கொடுத்தாள். அம்மாவும் அப்பாவும் அவசர வேலையாக வத்தலக்குண்டு பக்கம் தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்கள், நீ படி என்றாள். மறுநாள் ராத்திரி அப்பா மட்டும் வந்தார். மொட்டைத் தலை. மீசையும் இல்லை.

“என்னப்பா மொட்டை?”

“பழனிக்கு வேண்டுதல்டா. அப்படியே போய்ப் போட்டுட்டு வந்தேன்.”

திண்டுக்கல்லில் இருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பொய் கிடையாது. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பழனி. ஆனால் நான் கேட்டேன், “பஞ்சாமிர்தம் எங்கே?”

அப்பா ஒரு நொடி நின்றார். அந்த ஒரு நொடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம், “பையை பஸ்ல விட்டுட்டேன்டா. கண்டக்டர் தெரிஞ்சவர்தான், நாளைக்கு வாங்கிட்டு வர்றேன்” என்றார். மறுநாள் சாயங்காலம் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்தார். எங்கே வாங்கினாரோ. முருகன் படம் போட்ட தகர டப்பா. அவரே திறந்து, விரலால் எடுத்து எனக்கு ஊட்டினார். நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அவர் பூசிக்கொள்ளவில்லை.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள்தான் என்னைத் தாத்தா ஊருக்குக் கூட்டிப் போனார்கள். கருமாதிக்கு. தாத்தாவின் கட்டில் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தது. நான் அழுதேன், அப்பாவோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன். பெரியவனான பிறகு இதை நண்பர்களிடம் ஓர் அநியாயமாகவே சொல்லிவந்தேன்: ஒரு கணக்குப் பரீட்சைக்காக என் தாத்தாவின் முகத்தை எனக்குக் காட்டவில்லை.

இந்தத் தடவை படம் பார்க்கும்போது ஒரு காட்சியில் இதெல்லாம் மேலே வந்தது. ஜொசுவே அப்பாவிடம் வந்து, ‘நம்மைப் பொத்தானும் சோப்பும் ஆக்குகிறார்களாம், அடுப்பில் போட்டு எரிக்கிறார்களாம்’ என்கிறான். யாரோ அழுதுகொண்டே சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. குவீதோ விழுந்து விழுந்து சிரிக்கிறான்: ‘இதை நம்பினாயா? பொத்தானா? நாளைக்குச் சட்டையிலிருந்து யாராவது அறுந்து விழுந்தால் என்ன செய்வது?’ என்கிற ரீதியில் போகும் பேச்சு. பையன் விடாமல், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். சரி, போகலாம், மூட்டையைக் கட்டு, நாம்தான் முன்னணியில் இருந்தோம், பரவாயில்லை, டாங்கி வேறு பையனுக்குப் போகட்டும் என்று அப்பா கிளம்புகிறான். வாசல் வரைக்கும் போகிறான். பையன் நகரவில்லை.

முன்பு இதை அப்பாவின் சாமர்த்தியம் என்று பார்த்தேன். இந்தத் தடவை பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (அந்தப் பையன் ஜோர்ஜோ கந்தரீனி, மூன்று வருடம் கழித்து ‘கிளாடியேட்டர்’ படத்தில் நாயகனின் மகனாக வந்து சாகிறவனும் அவன்தான்.) அவன் நம்புகிறானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுப்பைப் பற்றிக் கேட்டுவிட்டான். கூட விளையாடிய பிள்ளைகள் ஒரு நாள் குளிக்கப் போய்த் திரும்பவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். குளிக்கப் பிடிக்காமல் ஒளிந்துகொண்டதால்தான் அவன் தப்பினான். தன் அப்பாவுக்கு இந்த விளையாட்டு வேண்டியிருக்கிறது, நாம் நிறுத்திவிட்டால் இந்த மனிதருக்கு வேறொன்றும் இல்லை என்பதை அந்த வயதுக்குரிய ஏதோ ஒரு விதத்தில் அவன் புரிந்துகொண்டு உள்ளே வந்து உட்காருகிறான் என்றுதான் எனக்குப் பட்டது.

ஏனென்றால் எனக்குத் தெரிந்திருந்தது. மொட்டையோடு மீசையும் எடுத்தால் என்ன அர்த்தம் என்று பதினோரு வயதில் தெரியாதா? எதிர்வீட்டில் சாவு நடந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பஞ்சாமிர்தம் எங்கே என்று நான் கேட்டது அறியாமல் கேட்டதில்லை. அவர் நின்ற அந்த ஒரு நொடியில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதன் பிறகுதான் நான் இன்னும் சின்னப்பிள்ளை ஆனேன். கண்டக்டர் பெயர் என்ன, பை என்ன நிறம் என்றெல்லாம் கேட்டு அவருக்கு உதவி செய்தேன். அவர் ஊட்டியபோது வாயைத் திறந்தேன். முப்பத்தைந்து வருடமாக இதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளாமல், அநியாயம் நடந்தவன் என்ற வேஷத்திலேயே இருந்துவிட்டேன்.

படத்தைப் பாராட்டியவர்களும் சரி, ஏசியவர்களும் சரி, எல்லோரும் குவீதோ சொன்ன பொய்யைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது அழகா, அசிங்கமா, வரலாற்றுக்குச் செய்த துரோகமா என்று. பொய்யை வாங்கிக்கொண்டவனை யாரும் விசாரிப்பதில்லை. அவன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பாதிப் பாரம் அவன் தூக்கினான். என் கணக்கில் இந்தப் படம் தப்பிப்பதே அந்தப் பையனால்தான்.

அதனாலேயே கடைசி நிமிடம் எனக்கு இப்போதும் பொறுக்கவில்லை. டாங்கி வருகிறது. ‘நிஜம்தான்!’ என்று பையன் வாயைப் பிளக்கிறான். ஏறிக்கொள்கிறான், வழியில் அம்மாவைப் பார்க்கிறான், ‘ஜெயித்துவிட்டோம்!’ என்று கத்துகிறான், கைகளைத் தூக்கியபடி படம் உறைகிறது. இதுவரை அப்பா பையனிடம் பொய் சொன்னான், நாம் நிஜத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பனிமூட்டத்தில் வழி தவறிப் போய், பிணங்களின் மலைக்கு முன்னால் நிற்கிறானே, அது நமக்கு மட்டும் காட்டப்பட்டது. கடைசியில் இயக்குநர் அந்தப் பொய்யை நமக்கும் ஊட்டிவிடுகிறார். பெரியவனான ஜொசுவேயின் குரல், இது என் அப்பாவின் தியாகம், அவர் எனக்குத் தந்த பரிசு என்கிறது. எப்போது தெரிந்தது? யார் சொன்னார்கள்? அம்மாவா? அன்றைக்கு அவன் எத்தனை நாள் யாரோடு பேசாமல் இருந்தான்? அம்மாவின் மடியில் கிடந்து ‘அப்பா எங்கே’ என்று அவன் கேட்கிற அந்த அடுத்த நிமிடத்தைக் காட்டுகிற துணிச்சல் பெனீனிக்கு இருந்திருந்தால் ஆஸ்கர் கிடைத்திருக்காது. வசூலும் வந்திருக்காது.

இதையெல்லாம் அன்று கூடத்தில் நான் சொல்லவில்லை. மகள் லெவி பற்றி நான் சொன்னதைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தாள். மனைவி பட்சணத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, திரையில் ஓடிக்கொண்டிருந்த பெயர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்ப்பா, அந்த வருஷம் கணக்குல நீ எத்தனை மார்க்கு?”

எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை.

“முப்பத்தெட்டு” என்றேன்.

“அவ்வளவுதானா” என்றார்.